இலையோடு பூத்த மரம்

"வா... வா... இன்னுங் கொஞ்சம். லெப்ட்ல ஒடிங்க. ஆ, போதும் போதும்."

ஆம்புலன்ஸின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான், தன் கை என்ன செய்தது என்று தனசேகரனுக்கு உறைத்தது. சனி, ஞாயிறுகளில் புளியஞ்சோலை ஓடையில் குளிக்க வருகிறவர்களின் கார்களை அவன் இப்படித்தான் தட்டித் தட்டி வரிசையில் நிறுத்துவான். கழுத்தில் விசில் மட்டும்தான் இல்லை. உள்ளே படுத்திருந்தது அவனுடைய அப்பா சாமியப்பன். விடிகாலையில் நாமக்கல்லில் உயிர் போய், ஒன்பது மணிக்குச் சொந்த வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இரண்டரை மாதம் கழித்து வந்த மனிதரை வண்டியோடு வண்டியாக நிறுத்தியாயிற்று.

பின்சக்கரம் எதன் மேலோ இடித்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்க அது, கல்லுங்களா?" என்றார்.

"இல்லீங்க, மரத்தோட அடிக்கட்டை. சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கமே, தெரியலீங்களா?"

பின்கதவு திறந்ததும் முதலில் இறங்கியவள் தங்கை வித்யாஸ்ரீ. நாமக்கல்லில் அவள் வீட்டில்தான் அப்பா இத்தனை நாளும் இருந்தார். அழுது வீங்கிய முகம். அவளைக் கட்டிக்கொண்டு அழுவதற்காக வாசலில் இருந்த பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. இறங்கின காலோடு அண்ணாந்து மேலே பார்த்தாள். மேலே வெறும் வானம் இருந்தது. அந்த வாசலில் நின்று அவள் இவ்வளவு வானத்தைப் பார்த்ததே இல்லை.

"அண்ணா, மரம்?"

தனசேகரன் ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அந்தப் பக்கம் புடிங்க," என்று எதிரே நின்ற மாமாவிடம் சொன்னான்.

"எலவ மரம் எங்கண்ணா?"

"அப்பறம் சொல்றேன் கண்ணு. மொதல்ல அப்பாவ எறக்குவோம்."

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கம் தாங்காமல் பொத்துகிறாள் என்று பெண்கள் நினைத்தார்கள்.

அந்த அடிக்கட்டை ஒரு முள்ளிலவு மரத்தினுடையது. உடம்பு முழுக்கக் குமிழ் குமிழாக முள். ஆடு மாடு உரச முடியாது, பிள்ளைகள் ஏற முடியாது. சித்திரையில் காய் வெடித்தால் பஞ்சு பறந்து காயப்போட்ட துணியிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு அதனால் சல்லிக்குப் பிரயோசனம் கிடையாது என்பதில் சாமியப்பனைத் தவிர எல்லோரும் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

அவர் கணக்கே வேறு. தை மாதக் கடைசியில் முதல் பூ விழும் சத்தம் கேட்டதும் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிடுவார். மரவள்ளிக் காட்டில் களை மண்டிக் கிடக்கும். பாக்குத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். அவர் மல்லாந்து படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருப்பார். மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிற அவர் மனைவி கருப்பாத்தாள், "நாஞ் செத்தாக்கூட அந்த மரத்தப் பாத்துட்டுத்தான் அழுவாரு," என்று சொல்லிக்கொண்டே போவாள். அவர் சிரிப்பார்.

"இங்க பாரு புள்ள. மொதல்ல கரிச்சான் வந்துச்சு. அது போனப்பறம் மைனா. இப்பக் கிளி. அணிலு ஒம்போது மணிக்கு மேலதான் வரும். முறைவெச்சு வருதுங்க. நாமதான் ரேஷன் கடையில அடிச்சுக்கறோம்."

இதையெல்லாம் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிடுவார். உரம் கொண்டுவந்த லாரிக்காரன், கரண்டு ரீடிங் எடுக்க வந்தவன், யாராக இருந்தாலும் சரி, கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைப்பார். வித்யாஸ்ரீயைப் பெண் பார்க்க வந்தபோது நடந்ததைத் தனசேகரன் இன்றைக்கும் மறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. இவர் பதினோரு பேரையும் மரத்தடியில் வரிசையாக நிறுத்திவிட்டார். பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக அத்தனை பேரும் கழுத்து நோக மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பூ நேராக வந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் தலையில் டொப்பென்று விழுந்தது. "பாத்தீங்களா, உங்களுக்குன்னு போட்டுருக்குது!" என்று சாமியப்பன் கைதட்டினார். தனசேகரன் அன்றைக்குக் கூனிக் குறுகிப்போய் மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டான். பைத்தியக்காரன் மகன் என்று நினைத்திருப்பார்கள் என்பதுதான் அவனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் என்னவோ நடக்கத்தான் செய்தது.

கார்த்திகையில் சாமியப்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். போய்வரத் தோதாக நாமக்கல்லில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர் போன மூன்றாவது வாரம் தனசேகரன் மரத்தை வெட்டினான்.

காரணம் இல்லாமல் இல்லை. மலைக்கும் ஓடைக்கும் வருகிற கூட்டம் வருடா வருடம் பெருகிக்கொண்டே போனது. வண்டி நிறுத்த இடமில்லாமல் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டு வாசல் ரோட்டை ஒட்டிய வாசல். மரம் ஒன்றுதான் குறுக்கே நின்றது. ஓடையையும் காட்டையும் ஆசையாகப் பார்க்க வருகிறவர்களின் கார் நிற்பதற்காக அந்த மரம் போயிற்று. இதில் இருந்த கூத்து அன்றைக்கு அவனுக்குத் தெரியவில்லை.

"அப்பங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுடா," என்றாள் கருப்பாத்தாள்.

"கேட்டா உடுவாருங்களா? வந்தப்பறம் சொல்லிக்கலாம். நாலு நாளைக்குக் கோவிச்சுக்குவாரு, அவ்வளவுதான்."

வெட்டிய பிறகு சொல்ல வாய் வரவில்லை. நாமக்கல்லுக்குப் பார்க்கப் போகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "மரத்தப் பத்தி மட்டும் பேசிராதீங்க, மனசு உட்டுருவாரு," என்று சொல்லி அனுப்பினான். ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றியது. வித்யாஸ்ரீக்கும் தெரியாது.

தை பிறந்ததும் சாமியப்பன் கேட்க ஆரம்பித்தார். "ஒரு நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ சாமி. காலையில போயிட்டுப் பொழுதோட திரும்பிரலாம்." தனசேகரன் ஒவ்வொரு வாரமும் ஒன்று சொன்னான். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், தூசி ஆகாது. ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டி குலுங்கும். டாக்டர் வேண்டாம் என்கிறார். டாக்டரிடம் அவன் கேட்கவே இல்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் போனில் கூப்பிட்டார்.

"பூத்துருச்சா?"

"பூத்துருச்சுங்கப்பா."

"எப்படியிருக்குது? சொல்லு, கேப்போம்."

தனசேகரன் அப்போது வெள்ளையடித்த கட்டையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நோயாளி மனம் குளிர வேண்டும், அதோடு பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவன் தாராளமாகவே சொன்னான். "அதையேன் கேக்கறீங்க! இந்த வருசம் மரம் பச்சப்பசேல்னு நிக்குது. எலைக்கு நடுவால செவசெவன்னு பூவு. பாக்கறதுக்குக் கண்ணு ரெண்டு பத்தலீங்கப்பா."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"கரிச்சான் வந்துச்சா?"

"வந்துச்சுங்கப்பா. எல்லாம் வந்துச்சு."

"செரி சாமி. நீ சாப்டியா?"

"சாப்டேனுங்கப்பா."

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. மரத்தைப் பற்றியும் கேட்கவில்லை. சொன்னதே மனதுக்கு நிறைந்துவிட்டது போல என்று தனசேகரன் நினைத்துக்கொண்டான். தப்பித்தோம் என்றுகூட நினைத்தான்.

வெயில் ஏறியது. மாசி வெயிலுக்கே மண்டை பிளந்தது. பந்தல்காரர் வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இந்த வாசல்ல பந்தல் போட்டதே இல்லீங்களே. உங்க தங்கச்சி சீருக்குக்கூட மரத்தடியிலதான சேர் போட்டோம்," என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கக் குனிந்துவிட்டார்.

குளிப்பாட்டுவதற்குப் பெஞ்சை எங்கே போடுவது என்று கேட்டார்கள். அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்த கருப்பாத்தாள் கையை மட்டும் நீட்டினாள். அது கட்டை இருந்த இடம்.

"அங்க ஜல்லி கொட்டிக் கெடக்குதும்மா. தண்ணி தேங்கும்," என்றான் தனசேகரன்.

"அங்கதான் அவரு படுப்பாரு. அங்கயே போடு."

ஜல்லியைக் காலால் ஒதுக்கி அங்கேயே போட்டார்கள். அப்பாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துத் தேய்க்கும்போது, அவர் முகம் நேராக மேலே பார்த்திருந்தது. பந்தல் துணி நீலமும் ரோஸும் கட்டம் போட்டது. தனசேகரன் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அந்தக் கண்களின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். அவை ஏற்கெனவே மூடித்தான் இருந்தன.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே அவன் கையைக் கழுவும்போது வித்யாஸ்ரீ வந்து நின்றாள்.

"அதுக்குத்தான் அப்பாவக் கூட்டிட்டு வல்லியா?"

அவன் ஆயிரம் சொல்லலாம். ரோடு, தூசி, டாக்டர் எல்லாம் தொண்டைவரைக்கும் வந்து நின்றன.

"ஆமா," என்றான்.

திட்டுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தான். பிடித்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவள் தொட்டியின் விளிம்பில் கிடந்த சொம்பை எடுத்து நேராக வைத்தாள். "டயாலிசிஸ் போற வழியில ஆஸ்பத்திரி காம்பவுண்டுல ஒரு வேப்பமரம். ஒவ்வொரு தடவையும் அதுங்கீழ வீல்சேரை நிறுத்தச் சொல்லிப் பாப்பாரு. எனக்குக் கோவமா வரும். நேரமாவுதுன்னு தள்ளிட்டுப் போயிருவேன்," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சென்றாயன் வந்தபோது மணி ஒன்று இருக்கும். மேலே மலையில் ஆலத்தூர் நாட்டுக்காரர், அறுபது தாண்டியவர். முன்பெல்லாம் மிளகு மூட்டையோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்தால் இந்த மரத்தடியில்தான் சுமையை இறக்குவார். அவரும் சாமியப்பனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அரை நாள் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் இறங்கி வந்திருந்தார். வேட்டி முழங்கால்வரை செம்மண். பாடைக்கு அருகே வந்து நின்று, பெரிய மூச்சாக ஒன்று விட்டு, சாமியப்பனின் கால் கட்டைவிரலை மட்டும் தொட்டார். பிறகு வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டையைப் பார்த்தார். பார்க்காதவர்போல் தரையைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் தனசேகரனால் தாங்க முடியவில்லை. அவனாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தான்.

"வண்டி நிறுத்த எடமில்லீங்க. ரோட்டுல நிறுத்துனா தெனமும் சண்டை. அதான் மரத்த..."

"நான் ஒண்ணும் கேக்கலியே தம்பி."

"இல்லீங்க, நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு..."

"கேக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிருக்காரு."

தனசேகரனுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. "யாரு? அப்பாவா? எப்பச் சொன்னாரு?"

வாய் தவறிவிட்டது என்று சென்றாயன் துண்டால் முகத்தைத் துடைத்தார். சொல்லாமல் விடமாட்டான் என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னார். "ஒரு பத்துப் பன்னெண்டு நாளாவுது. போன் போட்டாரு. எங்கூர்ல ஊட்டுக்குள்ள சிக்னல் வராது, பாறை மேல ஏறி நின்னுதான் பேசுனேன். 'சென்றாயா, ஒரு அதிசயம் கேளு. எங்க எலவு இந்த வருசம் எலையோட பூத்துருக்குதாம். எம் பையன் பாத்துருக்கான்'னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு."

"அதுல என்னுங்க சிரிப்பு?"

சென்றாயன் அவன் முகத்தையே பார்த்தார். கேலி செய்கிறானோ என்று பார்த்தவர்போல் இருந்தது.

"தம்பி, எலவு எலைய வெச்சுக்கிட்டுப் பூக்குமா? இருக்கற எலையெல்லாங் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். அப்பறந்தானே பூவு வரும்."

பறை அடிப்பவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பறம் ரொம்ப நேரம் பேசல. லைன் கட்டாயிருச்சோன்னு போன எடுத்துப் பாத்தேன். அப்பறம் சொன்னாரு. 'மரம் இல்லையாட்டம் இருக்குது சென்றாயா. நீ கீழ எறங்குனா கேட்டு வெச்சுராத. பையன் சங்கடப்படுவான்.' அவ்வளவுதான் தம்பி சொன்னாரு. வேற ஒண்ணுஞ் சொல்லல."

தனசேகரன் எழுந்து நடந்தான். எங்கே போகிறோம் என்று இல்லாமல் மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றான். பதினோரு பேரும் அண்ணாந்து நின்ற அன்றைக்கு ஓடி வந்து நின்ற அதே மூலை. அன்றைக்கு அப்பாவை நினைத்து வெட்கப்பட்டான். இன்றைக்குத் தன்னை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. முப்பத்தெட்டு வருடம் அந்த மரத்தின் கீழே பல் விளக்கி, சைக்கிள் துடைத்து, சருகு கூட்டித் தள்ளியிருக்கிறான். பூக்கும்போது அதில் இலை இருக்குமா இருக்காதா என்று அவனுக்குத் தெரியவில்லை. திருடன்கூடத் திருடுகிற வீட்டை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நுழைவான். தான் என்ன வெட்டினோம் என்றுகூடத் தெரியாமல் வெட்டியிருக்கிறான். அது தெரிந்தும் அந்த மனிதர் கேட்டது, நீ சாப்டியா.

மூன்று மணிக்குப் பாடை கிளம்பியது. கருப்பாத்தாள் தெருமுனைவரை வந்தாள். வித்யாஸ்ரீ அவளைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தனசேகரன் முன்னால் நடந்தான். புகை கண்ணுக்கு நேராக வந்தது. அது ஒரு வகையில் வசதியாக இருந்தது.

ஊரைத் தாண்டி ஓடைக்கரையில் ஒரு கல் நட்டிருக்கும். சுடுகாட்டுக்குப் போகிற பாதி வழி அது. அங்கே பாடையை இறக்கித் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றி வைப்பார்கள். அதுவரை வீட்டைப் பார்த்தபடி போகிறவர் அதற்குப் பிறகு வீட்டைப் பார்க்கக் கூடாது. மலையைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

இறக்கினார்கள். நாலு பேரும் இடம் மாறி, பாடையைத் தரையிலேயே அரைவட்டமாகத் திருப்பினார்கள். யாரோ கொஞ்சம் பொரியை இறைத்தார்கள். தனசேகரன் சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியபோது பக்கத்தில் டொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

கனமான சிவப்புப் பூ. ஐந்து இதழும் மல்லாந்து, நடுவில் ஒரு பிடி கேசரத்தோடு மேலே பார்த்துக் கிடந்தது. அவன் நின்ற இடத்தைச் சுற்றி அப்படி நாற்பது ஐம்பது கிடந்தன. பைக்கில் அவன் தினமும் இரண்டு தடவை போகிற பாதை அது.

அண்ணாந்து பார்த்தான்.

ஓடைக்கரையின் மேல் ஓர் இலவ மரம் நின்றது. அதற்குப் பின்னால், மலைச்சரிவில், பச்சைக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக இன்னும் எத்தனையோ. எல்லாம் இந்த வருடம்தான் முளைத்தவைபோல் அவனுக்கு இருந்தது. தலைக்கு மேலிருந்த மரத்தில் அவன் ஒரு இலையைத் தேடினான். கீழ்க்கிளையில் தொடங்கிக் கிளை கிளையாக, நுனிவரைக்கும் போய்த் தேடினான். கிளைகள் எலும்பாக நீட்டிக்கொண்டிருந்தன. அத்தனையிலும் பூ, மொட்டு, பூ. நடுவில் துண்டு துண்டாக நீல வானம். ஒரே ஒரு இலை இருந்தால்கூடப் போதும் என்று இருந்தது அவனுக்கு. அந்த அளவுக்காவது தான் சொன்னது உண்மையாக இருந்திருக்கும்.

"தனசேகரா, போலாம்பா," என்றார் பின்னாலிருந்து மாமா.

"ஒரு நிமிசமுங்க."

கழுத்து நொந்தது. அவன் தலையை இறக்கவில்லை. பாடையைத் தூக்கக் குனிந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். அவன் என்ன பார்க்கிறான் என்று தெரியாமல் அவர்களும் அண்ணாந்தார்கள். மாமா அண்ணாந்தார். பந்தல்காரர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். சென்றாயன் ஒருவர்தான் மேலே பார்க்கவில்லை. அவர் பாடையின் பக்கம் குந்தி, சாமியப்பனின் முகத்தை மறைத்திருந்த மாலையை ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

பறைச் சத்தம் நின்றிருந்தது. மேலே ஒரு கரிச்சான் பூவுக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்து, அடுத்த பூவுக்குப் போனது.